மருந்தடிக்கும் கைக்கு ஓர் உறை

தென்மேற்குப் பருவமழை காலத்தில் குன்னூர்ச் சரிவுகளில் தேயிலைக் கொழுந்தைக் கொப்புள நோய் பிடிக்கும். தாமிர மருந்து நிரப்பிய டேங்கை முதுகில் சுமந்து ஆட்கள் நிரைநிரையாகப் போவார்கள்.

அவர்கள் அணிய வேண்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கையுறை. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் அதற்கு அளவே சொல்கின்றன: முன்கையில் பாதிவரை ஏற வேண்டும். அந்த விதியை எழுதியவர், மருந்து கலக்கும் கையை நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். மணிக்கட்டோடு நின்றுவிடும் உறைக்குள் மருந்து வழிந்தால், கழற்றும்வரை தோலோடு ஒட்டிக் கிடக்கும்.

அணிவதிலும் நுட்பம் உண்டு. தேயிலைச் செடி இடுப்பளவுதான். மருந்தடிக்கும் கை தாழ்ந்தே இருக்கும். ஆகவே சட்டைக் கையை உறைக்கு மேலே விட வேண்டும். தலைக்கு மேலே மரத்துக்கு அடிப்பவருக்கு இது தலைகீழ்: உறை மேலே, விளிம்பு மடித்து. கால்சட்டை எப்போதும் பூட்ஸுக்கு வெளியே. கூரைக்கு ஓடு வேய்கிற அதே கணக்கு.

எண்ணெய்க் கரைப்பான் கலந்த மருந்தென்றால் சாதாரண ரப்பர் தாங்காது, நைட்ரைல் வேண்டும். கழற்றுமுன், கையில் இருக்கும்போதே சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

2010இல் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, ரசாயனம் கையாளுகிறவர்களுக்குப் பாதுகாப்பு உடை தருவது முதலாளியின் கடமையானது. அளவு பார்த்துத் தர வேண்டும். தொளதொளத்த உறைக்குள் நாசிலைத் திருகும் விரல் தடுமாறும். கழற்றிவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். சின்னக் கைக்கும் பொருந்தும் உறை தோட்டத்து ஸ்டோரில் இருந்தாக வேண்டும்.