பத்திராதிபரும் பிரசங்கியும்

செய்திப் பத்திரிகை நடத்துவோருக்கும் சமயத் தலைவருக்கும் நெருக்கம் உண்டானால், அதனால் வாசகனுக்கு விளைவது தெளிவா, மயக்கமா என்று சீர்தூக்கிப் பார்ப்பதற்கு, அமெரிக்காவில் 'டைம்', 'லைப்' பத்திரிகைகளின் அதிபராயிருந்த ஹென்றி லூஸுக்கும், சுவிசேஷப் பிரசங்கியான பில்லி கிரஹாமுக்கும் இருந்த சம்பந்தம் தக்கதொரு திருஷ்டாந்தமாகும்.

லூஸ், சீன தேசத்தில் ஊழியம் புரிந்த பிரஸ்பிட்டேரியன் மிஷனரியின் புதல்வர். 1949-இல் தாம் நடத்திய லாஸ் ஏஞ்சலிஸ் கூடாரக் கூட்டங்களை மற்றொரு பத்திரிகை அதிபரான ஹெர்ஸ்டின் நாளிதழ்கள் பெரிதுபடுத்தியதனால் பிரசித்தி பெறத் தொடங்கியிருந்த கிரஹாமை, அவர் மறு ஆண்டே தென் கரோலினாவின் கொலம்பியா நகருக்குச் சென்று சந்தித்தார். 1954 அக்டோபரில் கிரஹாமின் உருவம் 'டைம்' அட்டையை அலங்கரித்தது.

இந்த அபிமானத்தை வெறும் பட்சபாதம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஒரு பிரசங்கத்தைக் கேட்கத் திரளும்போது அதைச் செய்தியென்று மதிக்கத் தெரியாத பத்திரிகை, தன் சமூகத்தின் உள்ளத்தில் பாதியை அறியாத பத்திரிகையே. லூஸின் பக்தி அந்த மதிப்பை அளித்தது. அன்றியும், 1957-இல் கிரஹாம் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் பிரசங்கம் நிகழ்த்திவந்த காலத்திலேயே, வாழ்வின் சிக்கல்களை அவர் மிகையாக எளிமைப்படுத்துகிறார் என்று இறையியல் அறிஞர் ரைன்ஹோல்ட் நீபர் எழுதிய கண்டனத்தை 'லைப்' பிரசுரித்தது.

குறையோ வேறிடத்தில் இருக்கிறது. அக்காலத்து 'டைம்' கட்டுரைகள் எழுதியவர் பெயரின்றி வெளியானமையால், அதிபரின் சொந்த ருசி உலகத்தின் அபிப்பிராயம் போலவே வாசகனை வந்தடைந்தது. கீர்த்தியை அறிவிப்பதாகத் தோன்றிய அட்டைப்படமே கீர்த்தியை வளர்க்கும் சாதனமுமாயிற்று. 1960 ஜனாதிபதித் தேர்தலின்போது வேட்பாளர் நிக்ஸனைப் புகழ்ந்து 'லைப்' பத்திரிகைக்காகக் கிரஹாம் எழுதிய கட்டுரை நிறுத்தப்பட்டு, கட்சி சாராத வேறொரு கட்டுரை வெளிவந்தது. முடிவு நன்றே; ஆயினும் அது வாசகன் காணாத இடத்தில், நண்பர்களின் மனச்சாட்சியை மட்டுமே பொறுத்து நிகழ்ந்தது.

1957-இல் வாசகனைக் காத்தது எதிர்வாதத்துக்கு இடமளிக்கும் முறைமை. 1960-இல் காத்தது தனி மனிதரின் தயக்கம். முன்னதை அடுத்து வரும் ஆசிரியரும் கைக்கொள்ளலாம். பின்னதை எந்த ஸ்தாபனமும் எதிர்பார்த்திருக்க இயலாது. ஆகையால் அருளாளரோடு உறவு கொள்ளும் பத்திராதிபர் அவ்வுறவைத் துறக்க வேண்டியதில்லை; அதை வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்லி, அந்த அருளாளரை மறுப்பவருக்கும் அதே பக்கங்களில் இடம் தரவேண்டும்.