பொறுக்கி எடுத்த படம்

கதை எழுதுகிறவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒரு சபலம் தட்டும். தெரியாத கலை ஒன்றைக் கற்றுப் பார்த்தால் என்ன என்று தோன்றும். சிலர் வீணையை எடுக்கிறார்கள். சிலர் ஜோசியத்தில் இறங்குகிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது வீடியோ.

போன சித்திரையில் அம்மா மொட்டைமாடியில் வடாம் இட்டதைக் கைப்பேசியில் இரண்டு மணி நேரம் படம் பிடித்தேன். பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொண்டு, அதைப் பத்து நிமிஷமாக்கினேன். கை நடுங்கிய இடம், காக்கை கத்திய இடம், அம்மா என்னைப் பார்த்துப் பேசிய இடம் எல்லாம் போயின. படம் வெகு சுத்தமாக இருந்தது. பார்த்த நண்பர் ஒருவர், இந்த வடாம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.

அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் ஆக்னஸ் வார்தாவின் பிரெஞ்சுப் படம் ஒன்றை மறுபடி பார்த்தேன். 'கதிர் பொறுக்குவோரும் பொறுக்குபவளும்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 2000-ல் வெளிவந்தது. 1928-ல் பிறந்து 2019-ல் காலமான வார்தாவுக்கு அப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. 1955-ல் வெளிவந்த அவருடைய முதல் படத்தைத் தொகுத்துக் கொடுத்தவர் அலென் ரெனே. அத்தனை அனுபவத்துக்குப் பிறகு, கைக்கு அடக்கமான டிஜிட்டல் காமிரா ஒன்றை வாங்கிக்கொண்டு புது மாணவிபோலக் கிளம்பிவிட்டார்.

அறுவடையான வயலில் சிந்தியதைப் பொறுக்கும் பெண்களை மில்லே 1857-ல் ஓவியமாகத் தீட்டினார். அந்த வேலையை இன்று யார் செய்கிறார்கள் என்று தேடுவதுதான் படம். அளவுக்கு மிஞ்சிப் பெரிதானதும் கோணலானதுமான உருளைக்கிழங்குகளை வயலிலேயே கொட்டிவிடுகிறார்கள். அதைப் பொறுக்க ஏழைகள் வருகிறார்கள். அந்தக் குவியலில் இதய வடிவில் சில கிழங்குகள் கிடைக்க, வார்தா அவற்றை ஆசையாக வீட்டுக்கு எடுத்துப் போகிறார். பாரிஸில் சந்தை கலைந்த பிறகு மிச்சக் கீரையைத் தின்னும் ஒரு மனிதர், மாலையில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சம்பளமின்றிப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். இந்த ஒரு மனிதருக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

இவர்களுக்கு நடுவே வார்தா தம்மையும் வைக்கிறார். ஒரு கையில் காமிரா. அது மற்றொரு கையின் சுருக்கங்களைப் பார்க்கிறது. பெரிய காமிராவுக்கும் அதைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கும் இந்த அந்தரங்கம் எட்டாது. ஓரிடத்தில் காமிராவை நிறுத்த மறந்துவிடுகிறார். கண்ணாடி மூடி கயிற்றில் தொங்கி ஆடுவது பதிவாகிவிடுகிறது. அதை வெட்டாமல், சங்கீதம் சேர்த்து நடனமாக்கிவிட்டார்.

இதைப் பார்த்து, தவறுகளையெல்லாம் அப்படியே விட்டால் கலையாகிவிடும் என்று புதிதாகக் கற்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. அந்த மூடி ஆடும் இடத்துக்கு முன்னும் பின்னும் கண்டிப்பான தொகுப்பு இருக்கிறது. சில காட்சிகளுக்குத் தேர்ந்த ஒளிப்பதிவாளர்களும் துணை நின்றிருக்கிறார்கள். ஒழுங்கு தெரிந்தவர் விட்டுவைத்த பிழை அது.

குறையும் இல்லாமல் இல்லை. முள் இல்லாத கடிகாரத்தைக் காட்டினாலே போதும். காலம் போவது அதில் தெரியாது என்று அவர் குரலும் சொல்கிறது. நாவலாசிரியர்களாகிய எங்களுக்கும் உள்ள வியாதிதான் இது. காட்டிய பிறகும் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

தமிழில் 'பொறுக்குதல்' என்றால் கீழே கிடப்பதை எடுப்பது, தேர்ந்தெடுப்பதும் அதுதான். படத்தொகுப்பு என்பது இரண்டும் சேர்ந்தது என்பதை இந்தப் படத்தில்தான் உணர்ந்தேன். மனசில் இருப்பதைக் கொட்டுவதைவிட, எதைக் கீழே விடக் கூடாது என்று அறிவதில்தான் ஆள் வெளிப்படுகிறான்.

நான் வெட்டிய இடத்தில் அம்மா, "இதெல்லாம் எதுக்குடா எடுக்கறே? நான் போனப்புறம் பார்க்கவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். இரைச்சல் என்று நினைத்து நீக்கினேன். இடம் போதவில்லை என்று மூலப் பதிவையும் அழித்துவிட்டேன். அம்மா நன்றாக இருக்கிறாள். அடுத்த சித்திரைக்கும் வடாம் இடுவாள். ஆனால் அந்தக் கேள்வியை மறுபடி கேள் என்று நான் எப்படிச் சொல்வது?