அரிதாரமும் மையும்

மீஹால் மக் லியமோரின் 'என்டர் எ கோல்டுஃபிஷ்' 1977இல் வெளிவந்தது. 'ஓர் ஐரிஷ் நடிகரின் நினைவுகள்' என்று அதன் துணைத்தலைப்பு தொடங்குகிறது. மறு ஆண்டே அவர் காலமானார். அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்ததாகத்தான் அவர் சொல்லிவந்தார்; நாடும் நம்பியது. உண்மையில் அவர் 1899இல் லண்டனில் பிறந்த ஆல்ஃபிரட் வில்மோர். இது பரவலாகத் தெரிந்தது அவர் மறைவுக்குப் பின்தான். இன்று அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்தப் பொய்யிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அவருடைய மேடையையும் எழுத்தையும் ஒருசேரப் படிப்பவருக்கு அந்தப் பொய்யை மெய்யாக்க அவர் பட்ட பாடு தெரியும்.

லண்டனில் அவர் குழந்தை நட்சத்திரம். 1911இல் 'தி கோல்டுஃபிஷ்' நாடகத்தில் நோயல் கவர்டோடு மேடையேறினார். கடைசி நூலின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். பிறகு ஐரிஷ் மொழியை வளர்க்கப் பாடுபட்ட கேலிக் லீக் அமைப்பின் வகுப்புகளில் அம்மொழியைக் கற்றார். ஒப்புக்குக் கற்ற மொழியல்ல அது. அதிலேயே கதையும் கட்டுரையும் நாடகமும் எழுதினார். 1928 ஆகஸ்டில் கால்வே நகரின் 'தைவ்யார்க்' அரங்கு அவர் ஐரிஷில் எழுதிய 'டியர்முட் – கிரானியா' நாடகத்தோடு திறக்கப்பட்டது. இயக்கமும் காட்சியமைப்பும் அவரே, நாயகனும் அவரே. அதே ஆண்டு அக்டோபரில், வாழ்க்கைத் துணைவர் ஹில்டன் எட்வர்ட்ஸுடன் சேர்ந்து டப்ளினில் 'கேட்' அரங்கை இப்சனின் 'பியர் கின்ட்'டோடு தொடங்கினார். டப்ளினின் ஆபி அரங்கு அயர்லாந்தின் கிராமத்தை மேடையேற்றிப் பேர்பெற்றிருந்த காலத்தில், கேட் ஐரோப்பிய நாடகத்துக்குக் கதவு திறந்தது. 1931இல் அங்கே வந்து சேர்ந்த பதினாறு வயதுப் பையன் ஆர்சன் வெல்ஸ்.

அந்த வெல்ஸ்தான் பின்னாளில் தான் இயக்கிய 'ஒதெல்லோ' படத்தில் இயாகோவாக நடிக்க இவரை அழைத்தார். அந்நாட்களின் குறிப்பேடு 1952இல் 'புட் மணி இன் தை பர்ஸ்' என்று நூலானது. தலைப்பு இயாகோவின் வசனம். கையில் காசில்லாமல் நின்றுநின்று நடந்த படப்பிடிப்புக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. மொராக்கோவில் உடைகள் வந்து சேரவில்லை. ரொடரிகோ கொலையைக் குளியல் கூடத்துக்கு மாற்றி, நடிகர்களுக்குத் துண்டு கட்டிப் படமெடுத்தார்கள். ஒரு படம் உருவாகும் அவதியையும் ஆனந்தத்தையும் உள்ளிருந்து இவ்வளவு துல்லியமாகச் சொன்ன நடிகர்கள் சொற்பம்.

உச்சம், 1960இல் அரங்கேறிய 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் ஆஸ்கர்'. தனிநபர் நிகழ்ச்சி, உலகெங்கும் சுற்றிவந்தது. அதில் அவர் ஆஸ்கர் வைல்டாக வேடம் கட்டவில்லை. தன் குரலிலேயே நின்று கதை சொல்வார். வைல்டின் பாத்திரங்களுக்குள் புகுந்து வெளிவருவார். முதல் பாதி வீழ்ச்சியின் விளிம்பில் நிற்கும். வழக்கு விசாரணையைத் தாண்டி இரண்டாம் பாதி சிறைக்குப் போகும். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கி வைல்டைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் அப்போதும் அயர்லாந்தில் நடப்பில் இருந்தது, 1993இல்தான் நீங்கியது. எட்வர்ட்ஸோடு வாழ்ந்துவந்த மனிதர், எட்வர்ட்ஸின் இயக்கத்திலேயே, டப்ளின் மேடையில் நின்று வைல்டுக்காகப் பேசினார். வேடங்களிலேயே வாழ்ந்த அவரை முகமூடியின்றி நான் காண்பது இங்கேதான்.

அவர் பிறந்த ஊர் லண்டன், அதில் ஐயமில்லை. கால்வேயில் அவர் நாடகத்தோடு திறந்த அரங்கில் இன்றும் ஐரிஷ் பேசுகிறார்கள்.