குளிருக்கும் ஒரு வரவு செலவு

லின் காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய ‘ஸ்விம்மிங் டு அன்டார்க்டிகா’ 2004-ல் வந்த புத்தகம். நீச்சல் தெரியாதவர்கள்கூட ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்து முடித்ததும் ஒரு விஷயத்தில் அம்மணியோடு சண்டையும் போடலாம். நான் போடப்போகிறேன்.

அதற்கு முன் அவருடைய ஜாதகம். 1972-ல், 15 வயதில், ஆங்கிலக் கால்வாயை 9 மணி 57 நிமிஷத்தில் நீந்திக் கடந்தார். 1987 ஆகஸ்ட்டில் பெரிங் ஜலசந்தி. அமெரிக்காவின் லிட்டில் டயமீட் தீவில் இறங்கி, சோவியத்தின் பிக் டயமீட் தீவில் ஏறினார். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆயிற்று. தண்ணீரின் குளிர் எவ்வளவு தெரியுமா? உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிற வாட்டர் பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள், அதுதான். 2002 டிசம்பரில் அன்டார்க்டிகா. கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரி செல்ஷியஸ் தண்ணீரில் 25 நிமிஷம், ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். ரப்பர் உடுப்பெல்லாம் கிடையாது. நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி, அவ்வளவுதான்.

பெரிங் அத்தியாயம்தான் புத்தகத்தின் உயிர். நீந்தியது இரண்டு மணி நேரம். சோவியத்தின் அனுமதிக்காகக் கடிதம் எழுதிக் காத்திருந்தது 11 வருஷம்! பட்டா மாறுதலுக்கு தாலுகா ஆபீஸ் படியேறியவர்கள் இந்தப் பக்கங்களைக் கண்ணீரோடு படிப்பார்கள். கடைசியில் அனுமதி வருகிறது, நீந்துகிறார். அந்த டிசம்பரில் வாஷிங்டன் விருந்தில் கோர்பசேவ் அவரைக் குறிப்பிட்டுப் பாராட்டுகிறார். பனிப்போர் காலத்தில் ஒரு பெண் நீச்சலுடையோடு எல்லை தாண்டிய கதையை அலட்டலே இல்லாமல் எழுதியிருக்கிறார். சபாஷ்.

இனி சண்டை. குளிரை எப்படித் தாங்கினீர்கள் என்று வாசகன் கேட்கிற இடத்திலெல்லாம் அம்மணி நம்பிக்கை, கனவு, மனம் என்று நழுவிவிடுகிறார். ஜன்னலைத் திறந்துபோட்டு, போர்வை இல்லாமல் படுத்தது, வருஷக்கணக்காகக் குளிர்ந்த கடலிலேயே பழகியது, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர் உடம்பைச் சோதித்து, கொழுப்பு உடம்பெங்கும் கம்பளி மாதிரி சீராகப் படிந்திருக்கிறது என்று கண்டது... இவையும் புத்தகத்தில் உண்டு. ஆனால், ஆங்காங்கே, போகிற போக்கில். பொரியல் நடுவே, சாதம் ஓரத்தில்.

நான் பி.காம். ஆசாமி. எதையும் பேரேட்டில் எழுதிப் பார்த்தால்தான் புரியும். உடம்பின் வெப்பம் கைமுதல். கை கால் அசைப்பதில் கொஞ்சம் வரவு. தண்ணீரிலோ செலவு தலைக்கு மேல். அதே குளிரில் காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தை உருவும். கொழுப்பு இருந்தால் செலவு குறையும். எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு எவ்வளவு மனவுறுதி இருந்தாலும் கணக்கு சீக்கிரம் நஷ்டத்தில் முடியும். இதைச் சொன்னால் அவருடைய சாதனை ஒரு அங்குலமும் குறையாது. சொல்லாவிட்டால், படித்துவிட்டுத் தண்ணீரில் குதிக்கிறவனுக்கு ஆபத்து.

‘நமக்கென்ன சார், இங்கே ஏது குளிர்?’ என்கிறீர்களா? சிக்கலே அங்கேதான். திருச்சி-மதுரை சாலையில் விராலிமலை தாண்டினால் கொடும்பாளூர். இருக்குவேளிர் கட்டிய மூவர் கோயில் இருக்கிறதே, அந்த ஊர். மார்கழி விடியலில் அந்தப் பக்கத்துக் கிணறு ஒன்றில் இறங்கிப் பாருங்கள். வெளியே பல் கிட்டும். உள்ளே தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். நிலத்தடி நீர் அப்படித்தான். நம்முடைய ‘ஐயோ, ஐஸ்’ எல்லாம் இருபது டிகிரிக்கு மேல். நீச்சலில் புலியாக இருக்கும் புதுக்கோட்டைப் பையனுக்கும் 16 டிகிரி தண்ணீர் என்பது வேறு கிரகம்.

பாக் ஜலசந்தி வெந்நீர்ப் பானை. ஆங்கிலக் கால்வாயோ கோடையிலும் 15 முதல் 18 டிகிரிதான். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் பாக் ஜலசந்தியைப் போகவர நீந்தியவர். 51 மணி நேரம்! அந்த மனிதருக்கு மனவுறுதி போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? 1984 ஆகஸ்ட்டில் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது அவர் இறந்துபோனார். பத்து வருஷம் கழித்து, 1994-ல், நம்ம குற்றாலீஸ்வரன் 12 வயதில் அதே கால்வாயைக் கடந்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. இரண்டு பேரைப் பற்றியும் நாம் எழுதித் தள்ளியதில் ‘தளராத உள்ளம்’ இருக்கும், ‘தமிழன் பெருமை’ இருக்கும். தண்ணீர் எத்தனை டிகிரி, அதற்கு எத்தனை நாள் பழகினார்கள் என்று தேடினால் உதடு பிதுங்கும். ஆனந்தனுக்கு லின் காக்ஸ் புத்தகம் மாதிரி ஒன்று தமிழில் வந்திருக்க வேண்டாமா?

குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதலில் நேர்வது ஒரு பெரிய ‘ஹா!’. நாம் கேட்காமலே மூச்சு உள்ளே இழுக்கும். முகம் தண்ணீருக்குள் இருந்தால், இழுப்பது தண்ணீரை. பிறகு ஒன்றிரண்டு நிமிஷம் மூச்சு தாறுமாறாக ஓடும். பயில்வானுக்கும் இதுதான் கதி. உடம்பு விறைப்பதெல்லாம் அப்புறம்தான். பலரை இந்த முதல் நிமிஷங்களே முடித்துவிடும். அப்போது நீந்தவே கூடாது. மிதக்க வேண்டும். மூச்சு அடங்கியபிறகுதான் கை வீச்சு. குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷ முழுக்காக ஐந்தாறு தடவை போட்டாலே அந்த ‘ஹா’ பாதியாகக் குறைகிறது என்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதுவும் தனியாக அல்ல, கரையில் ஆள் வைத்துக்கொண்டு. கால்வாய் நீச்சலை நடத்துகிறவர்களும் சும்மா விடுவதில்லை. 16 டிகிரி அல்லது அதற்குக் கீழே உள்ள தண்ணீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்டினாயா என்று சர்ட்டிஃபிகேட் கேட்கிறார்கள். ‘எனக்கு மனவுறுதி இருக்கு’ என்றால் செல்லாது.

கரையேறினாலும் கணக்கு முடியவில்லை. வெளியே வந்தபிறகும் கொஞ்ச நேரம் உள்வெப்பம் இறங்கும். அதனால் உடனே கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம். துடைத்து, உலர்ந்த துணி, தொப்பி, உள்ளுக்கு ஏதாவது சூடாக.

புத்தகத்துக்கு வருகிறேன். இன்னொரு குறை, அத்தியாயங்கள் ஒரே வார்ப்பு: இடம், தடை, பயம், கரை. நடுவில் எண்பது பக்கம் குறைத்திருக்கலாம். ஆனால், கடைசி அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள். அன்டார்க்டிகாவில் பக்கத்திலேயே பெங்குவின்கள் நீந்துகின்றன. படகில் டாக்டர்கள் வாட்சைப் பார்த்தபடி நிற்கிறார்கள். கை விரல், கால் விரல் நரம்புகள் என்ன ஆகுமோ என்ற கவலையையும் அம்மணி மறைக்காமல் எழுதியிருக்கிறார். அங்கே மட்டும் கனவு, நம்பிக்கை எல்லாம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்கின்றன.