பன்னிரு வினாக்களும் யோபுவின் முறையீடும்

புற்றுநோயுற்றோரின் ஆன்மிக நலத்தை அளந்தறியப் பல நாடுகளில் இன்று கையாளப்படுவது ‘ஃபேசிட்-எஸ்பி’ என்னும் வினாத்தாள். அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று 1,600க்கும் மேற்பட்ட நோயாளரிடம் இதனைச் சோதித்து, 2002ஆம் ஆண்டில் இதன் தகுதியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டது. மருத்துவமனைகளில் ஆற்றுப்பணி புரிவோருள் ஒருவரான ஜார்ஜ் ஃபிச்செட் அக்குழுவில் இடம்பெற்றிருந்தமை இறையியல் மாணவர் கருதத்தக்கது. வினாக்கள் பன்னிரண்டு. கடந்த ஏழு நாட்களை மனத்திற்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடவேண்டும், முழுத்தொகை 48. வாழ்வின் பொருள், மன அமைதி, விசுவாசம் ஆகிய மூன்றும் இதனுள் அடங்கும்.

இக்கருவியை எளிதிற் புறந்தள்ளுவதற்கில்லை. 1967ஆம் ஆண்டு லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், சாவை எதிர்நோக்குவோரின் வலி உடல், உள்ளம், உறவு, ஆன்மா ஆகிய நான்கையும் பற்றி நிற்கும் ‘முழு வலி’ என்று கற்பித்தார். அக்கருத்தில் ஆன்மாவைப் பற்றிய பகுதியை மருத்துவர் மறவாதபடி இவ்வினாத்தாள் எண்ணாக்கித் தந்துள்ளது. எண்ணை மட்டுமே மதிக்கும் மருத்துவமனைகளில் இது சிறு பணியன்று.

ஆயினும் இதனை அவனியாபுரத்துக்குக் கொண்டுவந்தால் நிகழ்வதென்ன? பாலரெங்கபுரத்திலுள்ள அரசுப் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குக் கதிர்வீச்சு பெற நாள்தோறும் பேருந்தேறிச் சென்று திரும்பும் ஐம்பது வயதுத் தாயொருவரை எண்ணிப் பார்ப்போம். வினா கேட்பவர் ‘சமாதானம்’ என்று சொன்னால், திருச்சபையார் அதனைத் தேவன் அருளும் அமைதியாகக் கொள்வர். அடுத்த வீட்டாருக்கோ அது சண்டை தீர்ந்த நிலை, அல்லது ஒருவர் கூறும் சாக்குப்போக்கு. ‘நம்பிக்கை’ என்றால் இடர் இன்னும் மிகுதி. நாம் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு என்று பிரித்துப் பழகியோர். ஊரார் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவர். பிழைத்துக்கொள்வோம் என்பதும் நம்பிக்கையே, கடவுள் உண்டு என்பதும் நம்பிக்கையே. சொல் மாறினால் மதிப்பெண்ணும் மாறும். வாழ்வதற்குக் காரணம் உண்டா எனும் வினாவுக்கு அத்தாய், “கடைசிப் பெண்ணைக் கரைசேர்க்க வேண்டுமே” என்று விடை சொல்லக்கூடும். இதற்கு எத்தனை மதிப்பெண்? பொருள் நிறைந்த வாழ்வென நான்கு இடுவதா, தாங்கவொண்ணாக் கவலை எனக் குறைப்பதா? தாளில் இடமில்லை.

இவை மொழிபெயர்ப்பாளர் முயன்றால் ஓரளவு தீரக்கூடியவை. நமது முதன்மையான மறுப்பு வேறு. மன அமைதி காண இடர்ப்படுகிறேன் என்று ஒப்புக்கொள்பவருக்கு இத்தாள் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. அவ்வாறாயின் சாம்பலில் உட்கார்ந்து தான் பிறந்த நாளைச் சபித்த யோபு எத்தனை பெறுவார்? இருளிலேயே முடிவுறும் எண்பத்தெட்டாம் சங்கீதத்தின் ஆசிரியர்? இவர்கள் முறையிட்டது கடவுளிடமே. எவரிடம் முறையிடுகிறோமோ அவரை விட்டு நாம் இன்னும் நீங்கவில்லை. புலம்பலை விசுவாசத்தின் குறைவாகக் கணக்கிடும் அளவுகோல், திருமறையின் பெரும்பகுதியை அளக்க மாட்டாதது என்பது நமது துணிபு.

ஆய்வாளரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. நம் சபைகளில் வழங்கும் அளவுகோல் இதனினும் கொடியது. நோயுற்றவரின் கட்டிலருகே நின்று, மறைத்துவைத்த பாவத்தை அறிக்கையிடச் சொல்வோர் உளர். குணமாகாவிடில் விசுவாசம் போதவில்லை என்று உரைப்போரும் உளர். இவ்வினாத்தாளாவது எவரையும் குற்றவாளியாக்கவில்லை. எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் அமர்ந்திருந்த வரையில் நல்ல நண்பர்களாகவே இருந்தனர். வாய் திறந்தபின் அவர்கள் பேசியதையே கடவுள் முடிவில் கடிந்துகொண்டார், யோபுவின் பேச்சையன்று.

மற்றுமொன்று. வலி தணியாதவரிடம் அமைதியைப் பற்றி வினவுவது முறையன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் நம் நாட்டு நோயாளருக்கு மார்ஃபின் கிட்டுவது அரிதாயிற்று; 2014இல் செய்யப்பட்ட திருத்தம் அக்கட்டுகளைத் தளர்த்தியது. ஆகவே அவனியாபுரத்து வீடொன்றுக்கு இத்தாளுடன் செல்வோர், வலிக்கு மாத்திரை கிடைத்ததா, இரவு உறங்கினீர்களா என்று முதலில் கேட்கட்டும். பன்னிரண்டும் அதுவரை பையிலேயே இருக்கலாம்.