ரிமோட் சாவியைத் திறந்து பார்ப்பவர்

கார் ரிமோட் சாவி மக்கர் செய்தால் புதுசு வாங்கச் சொல்பவர்கள்தான் அதிகம். அதைத் திறந்து பார்க்கும் சாவிக்கடைக்காரரின் நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதலில் பேட்டரி. பல சாவிகளில் இருப்பது சிஆர்2032, 3 வோல்ட். மல்டிமீட்டர் சரியாகக் காட்டினாலும் தேர்ந்த கை அதை நம்பிவிடாது. பட்டனை அழுத்தும்போது வோல்டேஜ் சரிகிறதா என்று பார்க்கும். சும்மா கிடக்கும்போது நன்றாகத் தெரியும் பேட்டரி, வேலை கொடுத்ததும் படுத்துவிடலாம்.

அடுத்தது, லென்ஸ் வைத்துச் சர்க்யூட் பலகையைப் பார்ப்பது. வருடக்கணக்காகக் கட்டைவிரல் அழுத்திய இடத்தில், குட்டி சுவிட்சின் காலடியில் ஈயப்பற்று மயிரிழையாக விரிசல் விட்டிருக்கும். சால்டரிங் அயர்னை ஓரிரு விநாடி வைத்து எடுக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் செப்புத் தடமே பெயர்ந்துவிடும். அந்த அளவு தெரிந்த கைக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் தகும்.

கதவைத் திறக்காத சாவி, வண்டியை மட்டும் ஸ்டார்ட் செய்வது பலருக்குப் புதிர். ஸ்டார்ட் செய்ய அனுமதிப்பது சாவிக்குள் இருக்கும் இம்மொபிலைசர் சிப்; அதற்குப் பேட்டரி வேண்டாம். சாவித்துளையைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் அதற்குச் சக்தி தருகிறது. உடைந்த கூட்டை மாற்றும்போது அந்தச் சிப்பை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துபவரிடம் தயங்காமல் சாவியைக் கொடுக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் கார் கேட்கவில்லையா? ஒவ்வொரு அழுத்தலுக்கும் சாவி அனுப்பும் குறியீடு மாறும். வண்டி எட்டாத தூரத்தில் குழந்தைகள் விடாமல் அழுத்தி விளையாடியிருந்தால், சாவி, கார் இரண்டின் கணக்கும் பிசகியிருக்கலாம். அப்போது திருப்புளிக்கு வேலையில்லை. சாவியையும் காரையும் மறுபடி இணைத்தால் போதும்.