டைமிங் வைக்கும் கை

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு டைமிங் வைப்பது கண், காது, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை. ஹெப்பகோடியில் ஒரு சிறு பட்டறையில் அதைப் பார்த்தேன். நகர மனமே வரவில்லை.

பெட்ரோல் கலவை பற்றி எரியச் சிறிது நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே பொறி விழ வேண்டும். வேகம் கூடக் கூட இன்னும் முன்னதாக. டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் ஸ்பிரிங் கட்டிய இரண்டு சிறு எடைகள் சுழற்சியில் விரிந்து இதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. எத்தனை அழகான யோசனை! ஆனால் தொடக்கப் புள்ளியை மனிதன்தான் வைக்க வேண்டும்.

மெக்கானிக், பிரியும்போது பொறியைக் கிளப்பும் பாயிண்டைச் சுத்தம் செய்து, கேஜ் விட்டு இடைவெளி பார்த்தார். காயிலிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்ன பல்பை மாட்டினார். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிப்யூட்டரை மயிரிழை திருப்பினார். பாயிண்ட் பிரிந்த கணத்தில் பல்பு எரிந்தது.

"இது புக்குல இருக்கிற கணக்கு சார். ரோட்டுல ஓட்டித்தான் மீதி தெரியும்."

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பால ஏற்றத்தில் டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை அழுத்தினார். சில்லறை குலுங்குவதுபோல் ஒரு சத்தம். அந்த நாக்கிங் தொடர்ந்தால் அட்வான்ஸ் அதிகம், அதாவது பொறி மிக முன்னதாக விழுகிறது; பிஸ்டனுக்கே ஆபத்து. சத்தமே இல்லாமல் வண்டி மந்தமாக இழுத்தால் குறைவு. லேசாகக் கேட்டு உடனே மறைய வேண்டும். இன்றைய பெட்ரோலில் ஆக்டேன் கூடுதல் என்பதால், அந்த இடம் கையேட்டின் அளவுக்குச் சற்று முன்னால் அமைவதுண்டு. ஆனால் இந்த வண்டியில் சத்தம் மறையவில்லை. ஓரமாக நிறுத்தி, துளி பின்னுக்குத் தள்ளி, போல்ட்டை இறுக்கினார்.